வளவுக்குள் ஒரு பள்ளம்

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத்துக்கென்று ஒதுக்கப்பட்ட இந்த நேரத்தில் ஒரு பள்ளத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மதுரங்குளி, கனமூலை தொடக்கம் முந்தல், உடப்பு வரை நீளும் எமது கரையோரத்தைக் கண்டவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்பது உடனே விளங்கும். தென்னந்தோட்டம் முடிகின்ற இடத்தில், வளவின் பின்புறத்தில், நாற்புறமும் மண்கரை கட்டி, நடுவே வெடித்த சேறும் ஓரத்தில் உமிரிச் செடியுமாக ஒரு சதுரம் கிடக்கும். ஒரு காலத்தில் இறால் வளர்த்த தொட்டி அது. இப்போது அதில் இறாலுமில்லை, தென்னையுமில்லை. மாரியில் நுளம்பு, கோடையில் உப்பு. அவ்வளவுதான்.

இந்தப் பள்ளத்தை என்ன செய்வது என்பது பல குடும்பங்களுக்கு முன்னால் நிற்கின்ற கேள்வி. பிள்ளைகளுக்குக் காணி பிரிக்கும்போது அந்தப் பங்கை யார் எடுப்பது? மகளுக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய நிலம், கல்லும் வைக்க முடியாத, கன்றும் நட முடியாத நிலமாகக் கிடந்தால் அதற்கு என்ன பெறுமதி? ஒரு வீட்டின் துயரமாகத் தொடங்குகிற இந்தக் கேள்வி, சற்று ஆழ்ந்து பார்த்தால், நிலத்தைப் பற்றி நாம் எப்படிச் சிந்திக்கிறோம், எப்படி எழுதுகிறோம் என்கிற கேள்வியாக விரிகிறது. ஆகவேதான் இதை ஓர் இலக்கியப் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். நீர் தங்கும் இடங்களுக்கு எமது மொழியில் பெயருக்குப் பஞ்சமில்லை. குளம், கேணி, கூவல், பொய்கை, கழி, களப்பு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவை ஒரே பொருளைக் குறிக்கும் பல சொற்கள் அல்ல. குளம் என்றால் நீர் வந்து சேர வாய்க்கால் இருக்கும். வயலுக்குப் போக மதகு இருக்கும். மிஞ்சியது வழிந்தோட வான் இருக்கும். கேணிக்கு ஊற்று வேண்டும். கழி என்றால் கடல் ஏறி இறங்கும் இடம். அதாவது ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் நீர் எந்த வழியால் வருகிறது, எந்த வழியால் போகிறது என்ற அறிவு பொதிந்திருக்கிறது.

இறால் தொட்டிக்கு அப்படி ஒரு வழி கிடையாது. நீரை இயந்திரம் உள்ளே தள்ளும். இயந்திரமே வெளியே எடுக்கும். நீருக்குள் காற்றைக் கலக்கவும் இயந்திரம் வேண்டும். நகரங்களில் வசதி படைத்தோர் வீட்டுப் பின்புறத்தில் கட்டுகின்ற நீச்சல் தடாகமும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். இயந்திரம் நின்ற சில நாட்களில் அதன் நீலம் பச்சையாகும், பச்சை பாசியாகும். இயந்திரம் ஓடும் வரைதான் அது தடாகம். நின்றபின் வெறும் பள்ளம்.

இந்தப் பள்ளங்கள் எமது கரைக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வடமேல் கரையோரத்தில் இறால் வளர்ப்பு வேரூன்றியது 1980களில். முதலில் பெரிய கம்பனிகள் வந்தன. பின்னர் சிறு காணிக்காரர்களும் இறங்கினார்கள். அவர்களில் அனுமதி பெற்றவர்களும் உண்டு, பெறாதவர்களும் உண்டு. கறுப்புப் புலி இறால் என்ற பெரிய இனம். யப்பான் போன்ற நாடுகளில் அதற்கு நல்ல கிராக்கி. குஞ்சு விட்டு நான்கு மாதத்தில் அறுவடை. தேங்காய் தராத பணத்தை இறால் தந்தது. கல்வீடுகள் எழுந்தன, குமர்க் காரியங்கள் நிறைவேறின. அந்த ஆண்டுகளில் தொட்டி வெட்டியவர்களைப் பேராசைக்காரர்கள் என்று இன்று இலகுவாகச் சொல்லிவிடலாம். அது நியாயமல்ல. ஏழைக்குக் கதவு திறந்தது, ஏழை நுழைந்தான்.

பிழை வேறோர் இடத்தில் இருந்தது. புத்தளம் களப்பையும் முந்தல் களப்பையும் சிலாபத்தையும் தொடுத்து ஓடுகின்ற ஒல்லாந்தர் கால்வாயே மிகப் பல பண்ணைகளுக்கு நீர் கொடுத்தது. அந்தக் கால்வாயிலிருந்துதான் புது நீரை எடுத்தார்கள். அந்தக் கால்வாய்க்குள்தான் கழிவு நீரையும் விட்டார்கள். ஒருவர் தொட்டியில் கழித்த நீர் அடுத்தவர் தொட்டிக்குப் புது நீராகப் போனது. மெல்ல ஓடும் கால்வாய், நெருக்கி வெட்டிய தொட்டிகள்; இந்த நிலையில் நோய்க்கு வேறு வாகனம் எதற்கு? எண்பதுகளின் இறுதியில் ஒருமுறை நோய் பரவியது. பின்னர் 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. இறாலின் ஓட்டில் வெள்ளைப் புள்ளியாகத் தோன்றும் அந்த வைரஸ், தோன்றிய சில நாட்களுக்குள் ஒரு தொட்டியையே காலி செய்துவிடும். அடகு வைத்த நகையும் கடன் வாங்கிய தீனும் தண்ணீரோடு போயின. திரும்ப முயன்றவர்கள் சிலர். முயன்று மீண்டும் விழுந்தவர்கள் பலர். 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை, பின்னர் பிரதேசங்களை வலயங்களாகப் பிரித்து, எந்த வலயத்தில் எப்போது குஞ்சு விடலாம் என்று கால அட்டவணை வகுத்தது. தொழில் இன்னும் நடக்கிறது. ஆனால் கைவிட்ட தொட்டிகள் கைவிட்டபடியே கிடக்கின்றன.

நேயர்களே, அதே 1996ஆம் ஆண்டு கடலுக்கு அப்பால் வேறொன்று நடந்தது. தமிழ்நாட்டின் நாகப்பட்டினக் கரையோரத்தில் நெல்வயல்களுக்கு நடுவே இறால் பண்ணைகள் பெருகி, கிணறுகள் உவர்த்து, கூலி விவசாயிகள் வேலை இழந்தபோது, காந்தியவாதியான எஸ். ஜெகந்நாதன் வழக்குத் தொடுத்தார். அவரும் துணைவியார் கிருஷ்ணம்மாளும் நிலமற்றவர்களுக்கு நிலம் பெற்றுக் கொடுப்பதற்காக 1981இல் லாப்டி என்ற இயக்கத்தைத் தொடங்கியவர்கள். 1996 டிசம்பர் 11ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கரையோர ஒழுங்கு வலயத்துக்குள் அமைந்த பண்ணைகளை, பாரம்பரிய முறையில் நடப்பவை தவிர, 1997 மார்ச் 31க்கு முன் அகற்ற வேண்டும். வயலையும் உப்பளத்தையும் கண்டற் காட்டையும் இனி இறால் தொட்டியாக மாற்றக்கூடாது என்றது தீர்ப்பு. பின்னர் வந்த சட்டங்கள், குறிப்பாக 2005ஆம் ஆண்டின் கரையோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகாரசபைச் சட்டம், அந்தத் தீர்ப்பின் கூரை மழுக்கிவிட்டன.

ஒரே ஆண்டில் ஒரு கரையில் தொட்டிகளை நீதிமன்றம் மூடச் சொன்னது. மறு கரையில் வைரஸ் மூடிவைத்தது. ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஓர் உண்மை இருக்கிறது. தொட்டியை நிறுத்துவது வேறு, நிலத்தை மீட்பது வேறு. கட்டளையாலும் நிலம் திரும்பி வராது, கைவிடுவதாலும் வராது.

அப்படியானால் எப்படித்தான் மீட்பது? பள்ளம் என்றால் நிரப்பிவிட்டால் போதுமென்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். இங்கே நீச்சல் தடாகத்தை அகற்றுகிறவர்களிடமிருந்து நாம் ஒரு பாடம் கற்கலாம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வீட்டுக்குப் பின்னால் தடாகம் கட்டுவது ஒரு காலத்தில் பெரும் நாகரிகமாக இருந்தது. 1976-77 வரட்சியில் பல தடாகங்கள் வற்றிக் கிடந்தன. பையன்கள் சில்லுப் பலகையோடு அவற்றுக்குள் இறங்கி விளையாடினார்கள். பழைய தடாகங்களை மூடி முற்றமாக்குவது இப்போது அங்கே ஒரு தொழில். அந்தத் தொழிலாளி வந்தவுடன் மண்ணைக் கொட்டுவதில்லை. முதலில் தடாகத்தின் அடித்தளத்தில் துளைகள் இடுவான். சுவரின் மேற்பகுதியை உடைத்து உள்ளே தள்ளுவான். அதன்பிறகே கல்லும் மண்ணும் படை படையாகப் போட்டு இறுக்குவான். அடியில் துளையிடாமல் மூடினால் என்ன நடக்கும்? கொங்கிறீற் கிண்ணம் மண்ணுக்கடியில் அப்படியே இருக்கும். மழைநீர் அதற்குள் தேங்கும். மேலே புல் முளைத்திருக்கும். கால் வைத்தால் சேறு. பள்ளம் கண்ணுக்கு மறைந்ததே தவிர ஒழியவில்லை.

நீருக்கு வழி விடு, பின்னர் மண்ணைப் போடு. மீட்பின் முதல் விதி இதுதான்.

எமது கரையோரத்தில் இந்த விதியை மறந்து செய்த வேலைகளைப் பாருங்கள். கண்டல் நடுவது நாடெங்கும் ஒரு விழாவாகியிருக்கிறது. பெரியவர்கள் வருவார்கள், பதாகை கட்டுவார்கள், கன்று நடுவார்கள், படம் எடுப்பார்கள். நல்ல நோக்கம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் ருகுணு பல்கலைக்கழக ஆய்வாளர் சுனந்த கொடிகாரவும் அவரது குழுவினரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு என்ன சொல்கிறது? இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை அவர்கள் பார்த்தார்கள். அவற்றில் 9 இடங்களில் நட்ட கன்று ஒன்றுகூட உயிரோடு இல்லை. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நட்டதில் 200 முதல் 220 ஹெக்டேயர் அளவுதான் தேறியது. பொருந்தாத இடத்தில் நட்டது, பொருந்தாத இனத்தை நட்டது, நட்டபின் திரும்பிப் பார்க்காதது, இவையே காரணங்கள்.

கைவிட்ட தொட்டிக்குள் கண்டல் ஏன் பிழைப்பதில்லை என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கண்டல் கடலை அண்டி வளரும் மரமேயன்றிக் கடலுக்குள் மூழ்கி வளரும் மரமல்ல. நீர் ஏறும்போது வேர் நனைய வேண்டும். இறங்கும்போது வேர் மூச்சு விட வேண்டும். எங்கள் கரையில் கடல் ஏறி இறங்குவதே ஏறக்குறைய இரண்டடிதான். களப்புக்குள் அதுவும் குறையும். ஆகவே நிலத்தின் உயரம் ஒரு சாண் தவறினாலும் கன்று பிழைக்காது. தொட்டியோ இடுப்பளவு ஆழத்துக்கு வெட்டிய பள்ளம். கரை உடையாத தொட்டியில் மாரியில் நட்ட கன்று நீரில் மூச்சடைத்துச் சாகும். கோடையில் நட்டது உப்பில் கருகிச் சாகும். போதாதற்கு, கண்டல் நிலத்தின் அடிமண்ணில் கந்தகம் கலந்த கனிமம் உறங்கிக் கிடக்கும். நீருக்கடியில் இருக்கும்வரை அது சாது. வெட்டி வெளியே போட்டுக் காற்றுப் பட்டால் அமிலமாக மாறும். மண்ணே புளித்துப்போகும் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆனால் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. தொட்டியை நிரப்புவதற்கு வேண்டிய மண் தூரத்தில் இல்லை. அது கரையாக நிமிர்ந்து தொட்டியைச் சுற்றியே நிற்கிறது. பள்ளத்திலிருந்து எடுத்த மண்தானே அது! பெக்கோ இயந்திரத்தால் கரையை உடைத்து உள்ளே தள்ளி, நிலத்தைப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவந்து, அடைபட்ட சிற்றோடைகளைத் திறந்துவிட்டால், மிச்ச வேலையைக் களப்பு பார்த்துக்கொள்ளும். கண்டல் விதைகள் நீரில் மிதந்து வரும். பிடித்த உயரத்தில் தாமாகவே ஊன்றிக்கொள்ளும். மனிதன் நடுவது, தேவைப்பட்ட இடத்தில் துணைக்கு மட்டும். எமது மாவட்டத்திலேயே, சிலாபத்துக்கு வடக்கே, 2001இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட ஆனைவிழுந்தான் சரணாலயத்துக்குள் கைவிடப்பட்டிருந்த இறால் தொட்டிகளில் வனஜீவராசிகள் திணைக்களமும் வயம்ப பல்கலைக்கழகமும் இவ்வழியில்தான் வேலை செய்தன. 2024இல் ஐக்கிய நாடுகள் சபை உலகின் ஏழு முன்னோடி மீளமைப்பு முயற்சிகளுள் ஒன்றாக இலங்கையின் கண்டல் மீளமைப்பைத் தெரிந்தெடுத்தது. பாராட்டு வந்தது மகிழ்ச்சி. பாராட்டுக்குப் பின்னால் இருக்கிற விதியைக் கற்பதுதான் முக்கியம்.

களப்பு நீர் எட்டாத வளவுக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். அங்கேயும் விதி மாறாது. கடலுக்குப் பதில் மழை. எங்கள் பக்கம் வருடத்தின் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டும். அதற்கு முன் கரையை உடைத்து நிலத்தைச் சமப்படுத்தி, நீர் வடிய ஒரு வாய்க்காலும் வெட்டிவைத்தால், மழை உப்பைக் கரைத்துக்கொண்டு போகும். வாய்க்கால் வெட்டாமல் விட்டால் கரைந்த உப்பு அங்கேயே நின்று, தை மாசி வெயிலில் மறுபடி வெள்ளையாகப் பூக்கும். மண்ணைச் சோதித்து, சோடியம் மிகுந்த களிமண்ணானால் ஜிப்சமும், புளித்த மண்ணானால் சுண்ணாம்பும் இடலாம். முதல் மாரியிலேயே கத்தரியும் மிளகாயும் எதிர்பார்க்கக்கூடாது. பூவரசும் தாழையும் முதலில் நிற்கட்டும். பிறகு தென்னை, உப்பைத் தாங்குகிற மரம் அது. வெட்ட ஒரு வாரம் எடுத்த பள்ளத்தை ஆற்றப் பல மாரிகள் எடுக்கும். இந்தக் கணக்கை ஏற்கும் பொறுமை வேண்டும்.

பொறுமையற்ற வழியொன்றும் உண்டு. குப்பையைக் கொட்டி மூடுவது. பள்ளத்தைக் கண்டால் குப்பை நினைவுக்கு வருவது மனிதரின் பழைய வியாதி. சுண்ணாம்புக்கல் தோண்டிய அறுவைக்காட்டுப் பகுதிக்குக் கொழும்பின் குப்பையைக் கொண்டுவரும் திட்டத்துக்கு எதிராக 2018இலும் 2019இலும் புத்தளத்து மக்கள் வீதியில் இறங்கினார்கள். பிறர் குப்பை எங்கள் பள்ளத்துக்கு வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இருந்தது. அந்த உரிமையைக் காப்பதென்றால், எங்கள் குப்பையையும் எங்கள் தொட்டிக்குள் கொட்டாமல் இருக்க வேண்டும். தொட்டியின் அடிக்கும் கிணற்றின் ஊற்றுக்கும் இடையே மணல் மட்டுமே இருக்கிறது என்பதை மறக்கலாகாது.

இன்னொன்று. இதை ஒரு வீடு தனியே செய்ய முடியாது. என் கரையை உடைத்தால் உவர்நீர் அயலவரின் தென்னைக்குப் போகலாம். என் வாய்க்கால் அவர் காணியூடாகத்தான் ஓட வேண்டியிருக்கும். தண்ணீரில் மக்கள் பங்காளிகள் என்பது நபிமொழி தருகின்ற கருத்து. தொட்டி வெட்டிய காலத்தில் இந்தப் பங்காளித்துவம் எங்களுக்கு நினைவில்லாமல் போனது. ஒருவர் கழிவு இன்னொருவர் நீரானது. மூடுகிற காலத்திலாவது அது நினைவுக்கு வர வேண்டும். பத்துக் காணிக்காரர் பள்ளிவாசல் முற்றத்தில் ஒன்றாக அமர்ந்து, எந்தக் கரை முதலில், எந்த வாய்க்கால் எப்பக்கம் என்று பேசி முடித்தால் பாதி வேலை முடிந்தது.

இனி இலக்கியத்துக்கு வருகிறேன். கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்பதும், நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பதும் நீங்கள் அறிந்தவை. உப்பங்கழி, கண்டல், தாழை, புன்னை, இறவு தேடும் நாரை எல்லாம் அந்தப் பாடல்களில் வருகின்றன. கண்டல் மரங்களையே வேலியாகக் கொண்ட சிற்றூர்களையும் அவை காட்டுகின்றன. அந்தப் புலவர்கள் இரங்கினார்கள் என்பது உண்மை. ஆனால் இரங்குவதற்கு முன் பார்த்தார்கள். கழியில் நீர் எப்போது ஏறும், நாரை எந்தக் கிளையில் அமரும், உப்பு எப்படி விளையும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தபடியால்தான் அந்த இரங்கல் இன்றும் கனக்கிறது.

எமது கரையைப் பற்றி இன்று வருகின்ற கவிதைகளில் இரங்கலுக்குக் குறைவில்லை. அழிந்த களப்பு, மாண்ட மீன், போன பொற்காலம் என்று எழுதுகிறோம். பார்த்தல்தான் குறைந்து போயிற்று. அடியில் துளையிடாமல் மண் போட்டு மூடிய தடாகத்தைப் போன்றவை அந்தக் கவிதைகள். மேலே பசுமை, கால் வைத்தால் சேறு. தொட்டிக் காலத்தை உள்ளபடி எழுதியவர்கள் எத்தனை பேர்? இரவெல்லாம் வாடியில் விழித்திருந்து காவல் காத்த இளைஞன், வைகறையில் நீரின் நிறத்தைப் பார்த்தே நோயை அறிந்த தகப்பன், வளையலைக் கழற்றித் தீனுக்குக் கொடுத்த தாய், இறால் செத்த அன்று அடுப்பு மூட்டாத வீடு. இவர்கள் எமது கதைகளுக்குள் வர வேண்டும். குற்றவாளிகளாக அல்ல, வெறும் பலியாட்களாகவும் அல்ல; ஆசைப்பட்டு, உழைத்து, தோற்ற மனிதர்களாக வர வேண்டும். அந்தத் தலைமுறை மறையுமுன் அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டியது எமது இளம் எழுத்தாளர்களின் கடமை. எந்தக் காணியில் எந்த ஆண்டு வெட்டினார்கள், அதற்கு முன் அங்கே எந்த ஓடை எப்பக்கம் ஓடியது என்பது அந்த முதியவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் சொல்வது கதாசிரியனுக்கும் வேண்டும். நாளை கரையை உடைக்க வருகிற பெக்கோக்காரனுக்கும் வேண்டும்.

பள்ளம் ஒன்று வளவுக்குள் இருப்பது வெட்கமல்ல. அதை மறைப்பதற்கு அவசரப்படுவதே ஆபத்து. நீர் முன்னர் எந்த வழியால் வந்தது, எந்த வழியால் போனது என்று முதலில் கேட்போம். அந்த வழியைத் திறந்துவிட்டு, பிறகு மண்ணைத் தள்ளுவோம்.